எங்கள் தெருவை எண்ணிய பெட்டி

எங்கள் தெரு செத்துப்போய்விட்டது என்பதே நகராட்சியிலிருந்து நோட்டீஸ் வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரியும். அதுவரை நாங்கள் பாட்டுக்குக் கடை திறந்து, கூட்டிப் பெருக்கி, வாடிக்கையாளரோடு வாய்ச்சண்டை போட்டு, வாடகை கட்டி வாழ்ந்துகொண்டிருந்தோம். ‘நகர மையப் புத்துயிர்ப்புத் திட்டம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. புத்துயிர் கொடுக்க வருகிறீர்களே, பழைய உயிர் எப்போது போனது என்று நோட்டீஸ் கொண்டுவந்தவரிடம் கேட்டேன். கையெழுத்து வாங்குவது மட்டும்தான் அவர் வேலையாம். பதில் சொல்வதற்கு வேறு ஆள் இருக்கிறாராம்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். அப்பா விட்டுப்போன ஒரே கடையை நடுவில் பிளைவுட் தடுப்பு அடித்து இரண்டாக்கிக்கொண்டோம். இந்தப் பக்கம் நானும் என் லென்ஸ் உரசும் இயந்திரமும். அந்தப் பக்கம் அண்ணனும் அவனுடைய சூட்கேஸ்களும். பிளைவுட் மெல்லியது. அவன் தும்மினால் நான் திட்டுவேன், நான் திட்டினால் அவன் சிரிப்பான். தெரு வியாபாரிகள் சங்கத்துக்கு அவன்தான் பதினொரு வருடமாகத் தலைவர். போட்டியே கிடையாது. சங்கத்து அறை பேக்கரிக்கு மேலே மூன்றாவது மாடியில் இருக்கிறது. பதவிக்காக அவ்வளவு படி ஏறுகிற ஆள் எங்கள் தெருவில் இவன் ஒருவன்தான்.

எனக்கு அந்தத் தெருவில் முக்கியமானது ஒன்றே ஒன்று. கடை வாசலுக்கு முன்னாலேயே இருக்கிற பஸ் ஸ்டாப். என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் அறுபது தாண்டியவர்கள், பத்துக்கு எட்டுப் பேர் பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்கள். மீதி இரண்டு பேர் கண் தெரியாமலே வண்டி ஓட்டிக்கொண்டு வருகிறவர்கள். அந்த ஸ்டாப் போனால் என் கடைக்குப் பூட்டுதான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை, அதனால் கணக்குப் போட்டுப் பார்க்கவும் இல்லை.

பதில் சொல்கிற ஆள் அடுத்த வாரம் வந்தார். ஆலோசகர். ஒல்லியாக, வழவழவென்று, மூன்றாவது மாடி ஏறியும் மூச்சு வாங்காமல் இருந்தார். அப்போதே எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. சுவரில் படம் போட்டுக் காட்டினார். எந்தப் படத்தைப் பார்த்தாலும் அம்புக்குறி. இங்கிருந்து அங்கே ஒரு அம்பு, அங்கிருந்து மேலே ஒரு அம்பு. மேலே போகிற அம்பெல்லாம் பச்சை. எங்கள் தெருவுக்குச் சிவப்பு அம்பு, கீழே பார்த்து. அன்று சாயங்காலத்துக்குள் அவருக்கு அம்புக்குறி என்று பெயர் வைத்துவிட்டோம்.

“ஒரு தெரு உயிரோட இருக்கா இல்லையான்னு எப்படிங்க கண்டுபிடிக்கிறது?” என்று எங்களையே கேட்டார். மருந்துக்கடைக்காரர் நாடி பிடித்துப் பார்க்க வேண்டும் என்றார். அம்புக்குறி சிரிக்கவில்லை. “எத்தனை பேர் நடக்குறாங்கன்னு எண்ணணும். ஒரு நாளைக்கு மூவாயிரம் பேருக்குக் கீழ இருந்தா அது செயலற்ற தெரு. செயலற்ற தெருவுக்குப் பணம் ஒதுக்க முடியாது. பஸ் நிக்கவும் அவசியம் இருக்காது. ஸ்டாப்பை மேம்பாலத்துக்குக் கீழ மாத்திடலாம்.”

மேம்பாலம் எங்கள் தெருவிலிருந்து தொள்ளாயிரம் மீட்டர்.

மறுநாள் காலையில் அண்ணன் கடைக்கும் பேக்கரிக்கும் நடுவில் இருக்கிற விளக்குக் கம்பத்தில் சாம்பல் நிறப் பெட்டி ஒன்றை மாட்டினார்கள். டிபன் டப்பா அளவுதான் இருக்கும். முன்னால் ஒரு சின்னக் கண். யாராவது குறுக்கே போனால் உள்ளே ஒரு சிவப்பு விளக்கு மினுக்கும். கீழே அறிவிப்பு: ‘இப்பெட்டி பாதசாரிகளை எண்ணுகிறது. பதினான்கு நாட்கள். எண்ணிக்கையைத் திரிக்க முயல்வோரின் கடை உரிமம் நிறுத்திவைக்கப்படும்.’ தெருவே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. அதையும் அது எண்ணியிருக்கும்.

முதல் நாள் கணக்கை அம்புக்குறி அண்ணனுக்குப் போனில் சொன்னார். அறுநூற்று நாற்பது.

பிறகு அண்ணன் என் கடைக்குள் வந்து, கண் சோதனை நாற்காலியில் உட்கார்ந்து, எதிரே மாட்டியிருந்த எழுத்துப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“பாப்பா,” என்றான். எனக்கு நாற்பத்தெட்டு வயது. “நாம நடப்போம்.”

“எங்க?”

“இங்கதான். பெட்டிக்கு முன்னாடி. இருபத்தி ரெண்டு கடை இருக்கு. கடைக்கு ரெண்டு பேர்னு வை. ஆளுக்கு அறுபது தடவை போயிட்டு வந்தா மூவாயிரம் என்ன, அதுக்கு மேலயே வந்துடும்.”

“அண்ணே, இது ஏமாத்து வேலை. கீழ என்ன எழுதியிருக்குன்னு பாத்தியா?”

“பெட்டியைத் தொட்டாத்தான் தப்பு. நம்ம தெருவுல நாம நடக்குறது எப்படி ஏமாத்து ஆகும்? உனக்கு ஸ்டாப் வேணுமா வேண்டாமா?”

ஸ்டாப் வேண்டும். அதனால் மறுநாள் காலை பத்து மணிக்கு செருப்பை மாட்டிக்கொண்டு நானும் கிளம்பினேன். பின்னால் நடந்ததற்கெல்லாம் அண்ணன் மட்டும் காரணம் என்று நான் எப்போதும் சொன்னதில்லை.

அண்ணிதான் முறை போட்டார். யார் எப்போது நடப்பது, யார் எப்போது மூச்சு வாங்குவது, எல்லாம் ஒரு அட்டையில். அண்ணி ஒரு காரியத்தைக் கையில் எடுத்தால் தப்பிக்க முடியாது. சலூன்காரர் பாதி முகத்தில் சோப்போடு ஒரு ஆளை உட்கார வைத்துவிட்டு நடக்க வந்தார். அந்த ஆள் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று அவரும் துண்டோடு வந்து நாலு சுற்று நடந்தார்.

நடக்க ஆரம்பித்த அன்று மதியமே அண்ணனுக்கு ஒரு சந்தேகம் வந்தது. பெட்டியில் கண் இருக்கிறதே, அது ஆளை அடையாளம் கண்டுபிடித்துவிட்டால்? ஒரே மருந்துக்கடைக்காரர் அறுபது தடவை போனால் அதுக்குத் தெரியாதா? அந்தப் பெட்டிக்கு ஒரு கம்பத்தையும் மருந்துக்கடைக்காரரையுமே பிரித்துப் பார்க்கத் தெரியாது என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. அதனால் ஒவ்வொரு சுற்றுக்கும் வேஷம் மாற்றுவது என்று முடிவானது. அண்ணன் தன் கடையிலிருந்து சுற்றுக்கு ஒன்றாக சூட்கேஸ் எடுத்துக் கொடுத்தான். சிவப்பு, நீலம், சக்கரம் வைத்தது, தோளில் மாட்டுவது. நான் ஃப்ரேம் கொடுத்தேன். வட்டம், சதுரம், கறுப்புக் கண்ணாடி, ஓரத்தில் கல் பதித்தது. நாற்பது வருடமாகப் பன்னும் ரொட்டியுமாகவே இருந்த பேக்கரிக்காரர் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, சக்கர சூட்கேஸை இழுத்துக்கொண்டு போனபோது அவர் மனைவியே யாரோ என்று விலகி வழிவிட்டார்.

மூவாயிரம் போதும் என்று அண்ணன் சொல்லியிருந்தான். ஆனால் எங்கள் தெருக்காரர்களைப் பற்றி அவனுக்கே சரியாகத் தெரியவில்லை. பேக்கரிக்காரர் எழுபது சுற்று போனால் மருந்துக்கடைக்காரருக்குத் தூக்கம் வராது. மருந்துக்கடை தொண்ணூறு என்றால் ஜெராக்ஸ்காரர் குடும்பத்தையே கூட்டிக்கொண்டு வந்துவிடுவார். எதிரெதிர்க் கடைகள் இருபது வருடமாக விலையில் போட்ட போட்டியை இப்போது காலில் போட்டன. நாலாவது நாளே எண்ணிக்கை ஏழாயிரத்தைத் தாண்டியது. போதும், நிறுத்துங்கள் என்று அண்ணன் கத்தினான். யாரும் கேட்கவில்லை. அவனும் கத்திக்கொண்டே நடந்துகொண்டுதான் இருந்தான்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நடந்த அந்தப் பதின்மூன்று நாட்களும் எனக்குச் சந்தோஷமாக இருந்தன. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் அதுதான் உண்மை. கடை பிரித்ததிலிருந்து அண்ணனும் நானும் தடுப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இருந்துதான் பேசினோம். இப்போது பக்கத்தில் பக்கத்தில் நடந்தோம். அவனுக்கு ஒரு கால் கொஞ்சம் இழுக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. எவ்வளவு நாளாக என்று கேட்டேன். “படி ஏறி ஏறி வந்தது,” என்றான். பிறகு, “உன் ஸ்டாப்புக்காக நடக்குறேன், குறை சொல்லாத,” என்றான். நான் குறை சொல்லவில்லை. அவன் கையிலிருந்த சூட்கேஸை வாங்கிக்கொண்டேன்.

பதினைந்தாவது நாள் பெட்டியைக் கழற்றிக்கொண்டு போனார்கள். மூன்று வாரம் கழித்து அம்புக்குறி மூன்றாவது மாடிக்குத் திரும்பி வந்தார். கையில் வழவழப்பான தாளில் அச்சடித்த அறிக்கை. முகத்தில் புது மாப்பிள்ளைக் களை.

“நான் இதுவரை பார்த்த தெருக்கள்லயே இது ஒரு அதிசயம்ங்க,” என்றார். சராசரி எண்ணிக்கை எட்டாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினான்கு. பச்சை அம்பு கூரையை இடித்தது. எதிர்மாடியிலிருந்து அவர் ரகசியமாக எடுத்த படங்களைப் போட்டுக் காட்டினார். சூட்கேஸ் இழுத்துக்கொண்டு போகும் பேக்கரிக்காரர். கல் பதித்த கண்ணாடியில் அண்ணி. தோள்பையோடு சலூன்காரர். “பாருங்க. இவங்கள்லாம் வெளியூர்ப் பயணிகள். நல்ல வசதியான ஆட்கள். கண்ணாடியைப் பார்த்தாலே தெரியுது.” அறையில் இருபத்திரண்டு கடைக்காரர்களும் தங்கள் தங்கள் படத்தை மிகுந்த ஆர்வத்தோடு பார்த்தார்கள். யாரும் யாரையும் அடையாளம் காட்டவில்லை. அவருக்கும் எதிரே உட்கார்ந்திருந்தவர்களை அடையாளம் தெரியவில்லை. என்னிடம் வந்தால் நல்ல பவர் போட்டுக் கொடுத்திருப்பேன்.

அதனால் எங்கள் தெரு இனி சுற்றுலா நடைபாதைத் தெரு. நீரூற்று வரும். கல் பதித்த தரை வரும். பெஞ்சு வரும். எல்லாக் கடைக்கும் ஒரே மாதிரிப் பெயர்ப்பலகை, இலவசமாக. ஒரு குறைதான் சொன்னார். இவ்வளவு கூட்டம் போயும் பெரும்பாலான கடைகளில் ஆளே இல்லாமல் கிடந்ததாம். இங்கே இருக்கிற வியாபாரிகளுக்குக் கொஞ்சம் பயிற்சி தேவையாம். எல்லோரும் கை தட்டினார்கள். பயிற்சிக்கும் சேர்த்துத் தட்டினார்கள்.

பொடி எழுத்து படிப்பதுதான் என் பிழைப்பு. அதனால் நான் கடைசிப் பக்கத்துக்குப் போனேன். அங்கே அடிக்குறிப்பில் இருந்தது. தெருவுக்கு வருவோரில் பஸ் ஏறி இறங்குகிறவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. மக்கள் இங்கே நடப்பதையே விரும்புகிறார்கள். பஸ் ஸ்டாப் நடப்பவர்களுக்கு இடைஞ்சல். ஆகவே மேம்பாலத்துக்குக் கீழே மாற்றப்படும்.

அண்ணனிடம் நீட்டினேன். படித்தான். அவன் முகம் ஒரு நொடி விழுந்தது. அந்த ஒரு நொடிதான். அதற்குள் யாரோ நீரூற்று எங்கே வரும் என்று கேட்டார்கள். சூட்கேஸ் கடைக்கு முன்னால் என்று பதில் வந்தது.

அன்று மதியம் அவன் கடைக்கே போய்க் கேட்டேன்.

“ஸ்டாப்புக்காகத்தானேண்ணே நடந்தோம்?”

“ஸ்டாப் கொஞ்சம் தள்ளிப் போகுது, அவ்வளவுதான பாப்பா. நீரூற்று வந்துட்டா நிஜமாவே டூரிஸ்ட் வருவாங்க. கூலிங்கிளாஸ் வித்துக்கோ.”

“யாருண்ணே வருவா? நாமதாண்ணே அந்த டூரிஸ்ட்.”

அவன் ஒரு சூட்கேஸின் ஜிப்பைத் திறந்து மூடினான். “இருபத்தி ரெண்டு பேரும் சந்தோஷமா இருக்காங்க. உன் ஒருத்திக்காக நான் போய், இது பொய்க் கணக்குன்னு சொல்லவா? லைசென்ஸ் போயிடும். எல்லாருக்கும். நீயும் வாயைத் திறந்துடாத.”

நான் கோபமாக எழுந்து வந்துவிட்டேன். தப்பு அவன் பக்கம் மட்டும் இல்லை என்பதுதான் கோபத்தைக் கூட்டியது. எட்டாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினான்கில் என்னுடைய நடையும் இருந்தது.

ஆட்சேபம் இருந்தால் பதினைந்து நாளுக்குள் தெரிவிக்கலாம், ஸ்டாப் அதற்குள் சோதனை முறையில் மாற்றப்படும் என்று நகராட்சி சொன்னது. மாற்றினார்கள். நாலாவது நாள் நர்ஸம்மா வந்தார். ஓய்வுபெற்ற நர்ஸ், எழுபத்து மூன்று வயது. இரண்டு கண்ணிலும் புரை எடுத்த பிறகு புதுக் கண்ணாடிக்கு ஆர்டர் கொடுத்திருந்தார். வழக்கமாகப் பதினொரு மணிக்கு இறங்குகிறவர் அன்று பன்னிரண்டு ஆகியும் வரவில்லை. வாசலுக்கு வந்து பார்த்தேன். தெருக்கோடியில் ஒரு கையில் ஊன்றுகோலும் மறு கை சுவரிலுமாக வந்துகொண்டிருந்தார். ஓடிப் போய்ப் பிடித்துக்கொண்டேன். கை சில்லென்று வியர்த்திருந்தது.

சோதனை நாற்காலியில் சாய்ந்து தண்ணீர் குடித்தார். புதுக் கண்ணாடியை மாட்டிவிட்டேன். கடைசி வரி எழுத்து வரைக்கும் கடகடவென்று படித்தார்.

“நல்லாத் தெரியுதும்மா,” என்றார். “நாலு எடத்துல உக்காந்து வந்தேன். ஒரு எடத்துல உக்கார ஒண்ணும் இல்ல, அப்படியே படியில உக்காந்துட்டேன். ரெண்டு பேர் காசு போட வந்தாங்க.” சிரித்தார். பிறகு சிரிக்காமல், “இனிமே வர மாட்டேம்மா. கோவிச்சுக்காத. வீட்டுப் பக்கத்துல யாராவது இருந்தா பாத்துக்கிறேன்,” என்றார்.

அவர் வீட்டுப் பக்கத்தில் யாரும் இல்லை. அது எனக்குத் தெரியும். அவரை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு ஆட்சேப மனு எழுத உட்கார்ந்தேன்.

விசாரணை நகராட்சிக் கூட்ட அறையில் நடந்தது. குளிர்சாதனம் பல்லைக் கிட்ட வைத்தது. மேடையில் ஆணையர் அம்மா, பக்கத்தில் அம்புக்குறி. எங்கள் தெருக்காரர்கள் மொத்தமாக வந்திருந்தார்கள், ஆட்சேபம் இல்லை என்று சொல்வதற்கு. அண்ணன் முன்வரிசையில். அண்ணி என்னைப் பார்த்துக் கண்ணாலேயே வேண்டாம் என்றார்.

நான் மனுவைப் படித்தேன். வயதானவர்கள், தொள்ளாயிரம் மீட்டர், கண் தெரியாதவர்கள். ஆணையர் அம்மா பொறுமையாகக் கேட்டார். அம்புக்குறி அறிக்கையைப் புரட்டினார்.

“வருத்தமாத்தான் இருக்கு மேடம். ஆனா இந்தத் தெருவுல ஒரு நாளைக்கு ஒன்பதாயிரம் பேர் நடந்துதான் வர்றாங்க. அவங்களுக்கு நடக்குறதுதான் பிடிச்சிருக்கு. கணக்கு அப்படித்தான் சொல்லுது.”

“அந்தக் கணக்கு நாங்கதான்,” என்றேன்.

“புரியல.”

“அந்த ஒன்பதாயிரமும் நாங்கதான். வேலை வெட்டியைப் போட்டுட்டு நாங்களே போயிட்டுப் போயிட்டு வந்தோம். படத்துல கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு இருக்காரே, அவர் வெளியூர்ப் பயணி இல்ல. பன் விக்கிறவர். மூணாவது வரிசையில உக்காந்திருக்கார். வேணும்னா கேளுங்க.”

அம்புக்குறி படத்தைப் பார்த்தார், மூன்றாவது வரிசையைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். பேக்கரிக்காரருக்குத் திடீரென்று செருப்பு வார் அவிழ்ந்துவிட்டது, குனிந்துவிட்டார். அவர் மட்டும் இல்லை. பதின்மூன்று நாள் பட்டாளம் மாதிரி நடந்த அத்தனை பேரும் நாற்காலிக்குக் கீழே எதையோ தேடினார்கள். மருந்துக்கடைக்காரர் இருமினார். ஜெராக்ஸ்காரர் என்னை முன்பின் பார்த்ததே இல்லை என்பதுபோல அவர் மனைவியிடம், யார் இந்த அம்மா என்று கேட்காத குறைதான்.

ஆணையர் அம்மா பேனாவை மூடினார். “எண்ணிக்கையைத் திரிச்சா உரிமம் நிறுத்தப்படும்னு எழுதியிருந்தோமே. படிச்சீங்களா?”

“படிச்சேன்.”

“இதை ஏற்பாடு பண்ணது யார்?”

நான் அண்ணனைப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று எழுத்துப் பலகையைப் பார்ப்பதுபோல எதிர்ச்சுவரையே பார்த்தேன். “நான்தான்,” என்றேன். “எனக்குத்தான் ஸ்டாப் வேணும். அதனால எல்லாரையும் நான்தான் நடக்கச் சொன்னேன்.”

“அப்படின்னா உங்க கடையோட உரிமத்தை…” என்று ஆணையர் அம்மா எழுத ஆரம்பித்தார்.

முன்வரிசையில் ஒரு நாற்காலி தரையில் உரசியது. கால் இழுக்கிற ஆள் எழுந்திருக்கும்போது வருகிற சத்தம்.

“அவ பொய் சொல்றாம்மா,” என்றான் அண்ணன். “அவளுக்கு அந்த அளவுக்கு யோசனை பத்தாது. சங்கத்துத் தலைவர் நான். நான்தான் சொன்னேன். அவ வேண்டாம்னுதான் சொன்னா. என் பேரை எழுதிக்கோங்க.”

எழுதிக்கொண்டார்கள். ஆறு மாதம். தலைவர் என்பதால் அவனுக்கு மட்டும். மற்றவர்களுக்கு எச்சரிக்கை. வெளியே வந்ததும் நான் அவன் கையைப் பிடிக்கப் போனேன். அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். “நான் கேட்டுக்கிட்டேனேடி உன்கிட்ட,” என்றான். பாப்பா என்று சொல்லவில்லை.

அதன் பிறகு அரசாங்கம் தன் வேலையைச் செய்தது. கள்ள நடையைக் கழித்துப் பார்த்ததில் அறுநூற்று நாற்பது நின்றது. அதன்படி எங்கள் தெரு செயலற்ற தெரு. செயலற்ற தெருவில் பஸ் நிற்கக் கூடாது. அதாவது நடந்தாலும் ஸ்டாப் போகும், நடக்காவிட்டாலும் ஸ்டாப் போகும். ஆனால் முறைகேடு பற்றி விசாரணை நிலுவையில் இருக்கும்போது தெருவில் எதையும் மாற்றக் கூடாது என்று இன்னொரு விதி இருந்தது. சோதனை முறையில் மாற்றியதும் செல்லாது. ஸ்டாப் திரும்பி வந்துவிட்டது. விசாரணை எப்போது முடியும் என்று போய்க் கேட்டேன். கோப்பு நல்லபடியாக நகர்கிறது என்றார்கள். அப்பாடா என்று இருந்தது. அவர்கள் கோப்பு நகர்கிறது என்றால் என் ஆயுசுக்கு ஸ்டாப்புக்கு ஆபத்து இல்லை.

நீரூற்று வேறு தெருவுக்குப் போனது. எங்கள் தெருக்காரர்கள் ஒரு மாதம் என்னிடம் பேசவில்லை. பிறகு வெள்ளெழுத்துக் கண்ணாடி உடைந்தவர்கள் ஒவ்வொருவராகப் பேச ஆரம்பித்தார்கள்.

அண்ணன் பேசவில்லை. ஆறு மாதம் கடை திறக்காமல் வாடகை கட்டுவது எப்படி? சரக்கை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, ஊர் எல்லையில் இருக்கிற ஒரு பெரிய அங்காடியில் வேலைக்குச் சேர்ந்தான். சூட்கேஸ் பிரிவுதான். ஐம்பத்து நாலு வயதில் மஞ்சள் டி-ஷர்ட், நெஞ்சில் ஒரு பெயர்ப் பட்டை. முப்பது வருடம் சொந்தக் கடை வைத்திருந்தவன், யாரோ ஒரு மேற்பார்வையாளரிடம் டீ குடிக்க அனுமதி கேட்கிறானாம். அண்ணி வந்து சொன்னார். சொல்லும்போது அழவில்லை. நான்தான் அழுதேன்.

“நீ போய்ப் பேசேன்,” என்றார் அண்ணி.

“பேசினா தள்ளிப் போய் நிக்கிறான் அண்ணி.”

அவன் வீடு இரண்டு தெரு தள்ளி. அந்த அங்காடிக்குப் போக ஒரே ஒரு பஸ்தான். அது நிற்பது எங்கள் ஸ்டாப்பில். தினமும் காலை ஒன்பதரைக்கு வருவான். என் கடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பான். நான் ஷட்டரைத் தூக்குகிற சத்தம் அவனுக்குக் கேட்காமல் இருக்காது. பஸ் வரும், ஏறுவான், போய்விடுவான். என் வாடிக்கையாளருக்காக நான் காப்பாற்றி வைத்த ஸ்டாப்பில் முதல் ஆளாக வந்து நிற்கிறவன் என் அண்ணன். இதை நினைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை.

போன செவ்வாய்க்கிழமை பஸ் வந்து நின்றது. எதிர்பாராமல் அதிலிருந்து நர்ஸம்மா இறங்கினார். ஸ்டாப் திரும்பி வந்ததை யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒரு கையில் ஊன்றுகோல், ஒரு காலைப் படியில் வைத்தபடி தயங்கினார். உள்ளேயிருந்து சீக்கிரம், சீக்கிரம் என்று குரல். ஏறப் போன அண்ணன் நின்று, அவர் கையைப் பிடித்து, இடுப்பைத் தாங்கி, பொறுமையாக இறக்கி நடைபாதையில் விட்டான். அதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. தாமதமாகப் போனால் அரை நாள் சம்பளம் பிடிப்பார்கள் என்று அண்ணி சொல்லியிருக்கிறார்.

நான் வாசலுக்கு ஒரு நாற்காலியைத் தூக்கி வந்து போட்டேன். நர்ஸம்மா உட்கார்ந்து மூச்சு வாங்கினார். புதுக் கண்ணாடி வழியாக அண்ணனை ஏற இறங்கப் பார்த்தார்.

“தம்பி, நகராட்சியில எல்லார் முன்னாடியும் எந்திரிச்சு உண்மையைச் சொன்னது நீங்கதானா? பேசிக்கிட்டாங்க. இந்த ஸ்டாப்பே உங்களாலதானாம்.”

அண்ணன் பஸ் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு இன்னும் முதுகுதான் தெரிந்தது.

“நான் இல்லம்மா,” என்றான். “முதல்ல எந்திரிச்சது என் தங்கச்சி. அவ எந்திரிக்கலைன்னா நானும் கீழ குனிஞ்சு செருப்பைத்தான் தேடிக்கிட்டு இருந்திருப்பேன்.”

அடுத்த பஸ்ஸுக்கு இருபத்தைந்து நிமிடம் இருந்தது. உள்ளே போய் சோதனை நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தேன். அது கனம், சக்கரமும் சரியாக ஓடாது. படியில் மாட்டிக்கொண்டது. அண்ணன் திரும்பி வந்து மறுபக்கம் பிடித்துத் தூக்கினான். இரண்டு பேருமாக அதை வெளியே கொண்டுவந்து போட்டோம். அவன் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டான்.